நீலவேணியின் கடைசி வரி

நீலவேணி என்றால் இன்றைக்கு மெட்ராஸில் தெரியாதவர்கள் குறைவு. மயிலாப்பூர் கல்யாண மண்டபத்தில் கேட்டாலும் தெரியும், கிண்டி தொழிற்பேட்டை ஆயுத பூஜையில் கேட்டாலும் தெரியும். அவள் மேடைக்கு வந்த கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பாதி பொய். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு மைக் கட்டுகிறவன் நான். நடந்தது எனக்குத் தெரியும்.

ஆண் பிள்ளை என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள். அவள் பெண்ணாக வாழ்கிறாள். அப்படிப்பட்டவர்களைக் கூப்பிட ஊரில் நாலைந்து சொற்கள் வைத்திருக்கிறார்கள். எனக்கும் தெரியும். இங்கே அதெல்லாம் வராது. அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது போதும்.

1967-ஆம் வருஷம் ஆடி மாதம். அடையாற்றுக் கரைக் குடிசைகளுக்கு நடுவே இருக்கிற அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழா. குழாய் ஸ்பீக்கர் கட்டப் போயிருந்தேன். எட்டுக் குழாய். கடைசிக் குழாயைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரத்தில் கட்டியிருந்தேன். கட்டி முடித்த பிறகு ஒரு வேலை உண்டு. ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நான் கடைசிக் குழாய் வரைக்கும் நடந்து போய் சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்க வேண்டும்.

அன்றைக்கு ஆள் கிடைக்கவில்லை. கோயில் வாசலில் கட்டம் போட்ட சட்டையோடு ஒல்லியாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தது. பதினெட்டு வயசு இருக்கும். காந்தி நகரில் மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற வைரவன் என்று பூசாரி சொன்னார்.

“இந்தாண்ட வா. இதுல ஏதாவது பேசிக்கினு இரு. நான் அந்தக் கோடிக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் நிறுத்தாதே.”

“இன்னா பேசறது?”

“ஒண்ணு ரெண்டு மூணு சொல்லு.”

நடந்தேன். முதல் நாலு குழாய் வரை ஒன்று இரண்டு மூன்று வந்தது. அப்புறம் நின்றது. அப்புறம் பாட்டு வந்தது. பெண் குரல். யாரோ ஒரு பெண் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். கோபம் வந்தது. ஆனாலும் நடையை நிறுத்தாமல் தென்னை மரம் வரை போனேன். அங்கே தெருக் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு நின்றார்கள். குடம் வழிந்து ஓடியது.

“யாரு பொண்ணு அது? ஷோக்கா பாடுதே!” என்றாள் ஒருத்தி.

திரும்பி ஓடினேன். மேடையில் பெண்ணும் இல்லை, கிண்ணும் இல்லை. கட்டம் போட்ட சட்டைதான் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தது.

“இன்னாடா, குரல மாத்தறியா?” என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“மாத்தல அண்ணாத்தே. பேசறப்பதான் மாத்திக்கினு கீறேன்.”

அந்தப் பதிலின் முழு அர்த்தம் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. குரல் மட்டும் விளங்கியது.

மறு வாரமே தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் சண்முகசுந்தரத்திடம் கூட்டிக்கொண்டு போனேன். பகலில் அவர் தையல் கடை முதலாளி. சாயங்காலமானால் ஹார்மோனியத்தை எடுத்துக்கொண்டு ‘இன்ப நாதம்’ மெல்லிசைக் குழுவை நடத்துவார். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கம்பெனி ஆண்டு விழா எதையும் விடமாட்டார். அவருக்கு மைக் செட் நான்தான்.

அவள் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் சண்முகசுந்தரம் கழுத்தில் போட்டிருந்த இஞ்சு டேப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்.

“அடேயப்பா! ஆம்பளைத் தொண்டைக்குள்ள இப்படி ஒரு பொம்பளையா!” என்றார். அடுத்த நிமிஷமே அவர் மூளை கணக்குப் போட்டது. “தம்பி, நீ சும்மா பாடினா பத்தோட பதினொண்ணு. படுதா போட்டு உன்னைப் பின்னால நிக்க வைக்கிறேன். ஜனம் பொம்பளைதான் பாடறான்னு நினைச்சுக்கிட்டு கேக்கும். கடைசி வரியை மட்டும் ஆம்பளைக் குரல்ல தடாலுன்னு பாடு. படுதா விலகும். பேண்ட் சட்டை போட்டுக்கிட்டு நீ நிப்பே. மேடையே கிழிஞ்சு போயிடும்!”

அவள் கீழே இருந்த இஞ்சு டேப்பை எடுத்துச் சுருட்டினாள்.

“கடைசி வரிய அப்படித்தான் பாடணுமா சார்?”

“அதுதானேப்பா அயிட்டமே!”

“மேடை கிடைக்குதுல்ல. பாடறேன்.”

அவர் சொன்னபடிதான் நடந்தது. ‘இரு குரல் இளைஞர் வைரவன்’ என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். படுதாக் கயிறு என் கையில். கடைசி வரி ஆண் குரலில் வந்தால் அதுதான் எனக்குச் சைகை, இழுப்பேன். படுதா விலகும். விசில் பறக்கும். முன் வரிசையில் பெரிய மனிதர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். சிலர் மேடைக்கே வந்து படுதாவுக்குப் பின்னால் வேறு யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று தேடுவார்கள். ஆறு வருஷம் இப்படி ஓடியது. இன்ப நாதத்தைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது “அந்தப் பையன் வருவானா?” என்பதைத்தான்.

ஒன்றை நான் மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசி வரி முடிந்ததும் அவள் மேடைக்குப் பின்னால் போய் உப்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்துத் துப்புவாள். மற்றப் பாட்டு பாடினால் கொப்பளிக்கமாட்டாள். தொண்டையில் முள் மாட்டினவள் மாதிரி முகம் இருக்கும்.

இதற்கிடையே வீட்டில் பெரிய சண்டை நடந்து அவள் வெளியே வந்திருந்தாள். அவளைப் போன்றவர்கள் நாலு பேர் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சந்தில் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவர்களில் மூத்தவள் சுப்பம்மா அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்து நீலவேணி என்று பெயரும் வைத்தாள். வீட்டில் புடவை, மேடையில் பேண்ட். வளர்த்த முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு மேடை ஏறுவாள். ஒருநாள் தன் சொந்த மைக்கை வைத்திருக்கிற பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

“அண்ணாத்தே, உன் குழாய்ல எல்லாம் பெயிண்ட்டால பேர் எழுதறியே, இதுலயும் ஒரு பேர் எழுதிக் குடு.”

“வைரவன்னா?”

“நீலவேணி. மூடிக்கு உள் பக்கமா எழுது. தொறக்கறப்ப நான் மட்டும் பாத்துக்கறேன்.”

எழுதிக் கொடுத்தேன். கோணலாகத்தான் வந்தது. அவள் தடவிப் பார்த்தாள். “ஒரு நாளு இத வெளிப் பக்கமா எழுதுவ பாரு” என்றாள். ஆசைப்படுகிறவள் மாதிரி சொல்லவில்லை. தேதி குறித்து வைத்திருக்கிறவள் மாதிரி சொன்னாள்.

1973 தை மாதம். மயிலாப்பூரில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடை ஏறுவதற்கு முன்னால் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணாத்தே, இன்னிக்கு கயிறு இழுக்கற வேலை இருக்காது.”

“ஏன்?”

“கடைசி வரிய என் குரல்லயே பாடப் போறேன்.”

“சண்முகசுந்தரம் கொன்னுடுவாரு.”

“ஆறு வருசமா அந்த வரில நான் செத்துக்கினு தான் கீறேன். அவரு வேற இன்னா கொல்லப் போறாரு?”

நான் தடுக்கவில்லை.

பாடினாள். அன்றைக்குப் பாடின மாதிரி அதற்கு முன்னால் அவள் பாடிக் கேட்டதில்லை. கடைசி வரி வந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஹார்மோனியத்தில் சண்முகசுந்தரம் கீழ் ஸ்தாயிக்கு இறங்கி ஆண் குரலுக்குச் சுருதி கொடுக்கிறார். அவள் இறங்கவில்லை. மேலேயே நின்று, அழகாக ஒரு சுழி சுழித்துப் பாட்டை முடித்தாள். சண்முகசுந்தரம் என்னைப் பார்த்துக் கண்ணால் ‘இழு, இழு’ என்கிறார். சைகை வரவே இல்லையே, எப்படி இழுப்பது? படுதா மூடினபடியே இருந்தது.

விசில் இல்லை. யாரும் எழுந்து நிற்கவும் இல்லை. அளவாகக் கை தட்டினார்கள். முதல் வரிசையில் பட்டுப் புடவை மாமி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “யாருடி அந்தப் பொண்ணு? நன்னா பாடறா. நம்ம ஆத்துல சீமந்தத்துக்குச் சொல்லலாம்” என்றாள். படுதாவுக்குப் பின்னால் நின்றவள் காதில் அது விழுந்தது. அவள் அன்றைக்குக் கொப்பளிக்கவில்லை.

சாமான்களை ஏற்றும்போது சண்முகசுந்தரம் வந்தார். முகம் சிவந்து போயிருந்தது.

“ஏன்டா இப்படிப் பண்ணினே? மாப்பிள்ளை வீட்டுக்காரர் ‘எங்கேய்யா அந்த ரெண்டு குரல் அயிட்டம்’னு என் சட்டையைப் பிடிக்கிறார்!”

“அது ரெண்டு குரல் இல்ல சார். ஒண்ணு குரலு, இன்னொண்ணு வேசம். வேசத்த விட்டுட்டேன்.”

“வேஷத்துக்குத்தான்டா கூட்டம் வருது! நீ சும்மா பொம்பளைக் குரல்ல பாடறதுக்கு எனக்கு ஒரு பொம்பளையே கிடைப்பா!”

“அப்ப அவளையே வெச்சுக்கங்க. நான் நீலவேணி. அந்தப் பேரப் போட்டு, கடைசி வரி வரைக்கும் என் குரல்ல பாடற மேடை எங்க கீதோ அங்க பாடிக்கறேன்.”

“எவன்டா உனக்கு அப்படி மேடை கொடுப்பான்?”

“அத நான் பாத்துக்கறேன் சார்.”

தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். முடி இடுப்பு வரை விழுந்தது. வரவேற்புக்கு வந்தவர்கள் வாசலில் தாம்பூலப் பையோடு நின்று பார்த்தார்கள். பேண்ட் சட்டையோடு, அவிழ்ந்த முடியோடு, மைக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

அவளோடு கூடவே ஒருத்தர் வந்தார். இன்ப நாதத்தில் பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் வாசித்த மெஹபூப் அலி. ரேடியோ ரிப்பேர் செய்கிறவர். ஐந்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார். “போலாம்” என்றார், வந்துவிட்டார்.

அப்புறம் ஒன்றரை வருஷம் மேடை இல்லை. காந்தி நகர் மரத்தடியில் மறுபடியும் இஸ்திரிப் பெட்டி. புடவை கட்டிக்கொண்டு இஸ்திரி போட்டாள். முதல் மாதம் பாதி வீடுகள் துணி கொடுக்கவில்லை. ஆனால் மடிப்பு அவளைப் போல யாரும் எடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு வீடாகத் திரும்பி வந்தது. சாயங்காலம் மெஹபூப் அலி பாஞ்சோவோடு வருவார். சினிமாப் பாட்டு வேண்டாம், நமக்கென்று பாட்டு வேண்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து மெட்டுப் போட்டார்கள். அவரே எழுதினார். அவர் பேசாததை எல்லாம் பாட்டில் வைத்தார் என்று நினைக்கிறேன்.

காத்து வருது, காத்து வருது, கதவைத் தொறங்கடி
கடலு உப்பு கன்னத்துல ஒட்டட்டும் இருங்கடி

என்று ஆரம்பிக்கும். ‘யாரு வந்து கேட்டாலும் காத்துன்னு சொல்லடி’ என்பது கடைசி வரி.

“சார் தர மாட்டேன்னுட்டாரு. நீ தர்றியா மேடை?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

“என்கிட்ட குழாய்தான் கீது. மேடை இல்லியே.”

“குழாய் இருந்தா போதும். ஆடி வருது. எங்க அம்மன் கோயிலுக்கு நீதானே கட்டற?”

1974 ஆடியில் அதே அம்மன் கோயிலில் அவளைப் பாட வைத்தேன். பூசாரி ஒன்றும் சொல்லவில்லை. அம்மன் திருவிழாவில் அவளைப் போன்றவர்கள் கரகம் எடுப்பது, ஆடுவது எல்லாம் உண்டு. ஆனால் மைக் முன்னால் நின்று பாட்டுக்காரியாகப் பாடினது அவள்தான் முதல். பச்சைப் புடவை. படுதா இல்லை. கடைசி வரி அவள் குரலில்.

அவள் அம்மா முனியம்மாள் அதே குடிசைப் பகுதியில் இட்லி கடை வைத்திருந்தாள். மகள் வீட்டை விட்டு வந்ததிலிருந்து பேச்சு இல்லை. அன்றைக்குக் கூட்டத்தின் ஓரத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்ததை நான் ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலிருந்து பார்த்தேன். பாட்டு முடிந்ததும் ஒரு சொம்போடு வந்தாள்.

“ஆடிக் காத்துல நின்னுக்கினு அம்மாம் கத்து கத்தறியே, தொண்டை இன்னாத்துக்கு ஆவும்? இந்தா, சுக்குத் தண்ணி. குடிடி.”

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நீலவேணி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். “உப்புத் தண்ணிய விட இது நல்லா கீது அண்ணாத்தே” என்றாள்.

மறுநாள் காலையில் என் கடைக்குக் கார் வந்தது. ஜவுளிக் கடை அய்யாதுரை அனுப்பிய ஆள். அய்யாதுரை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அடையாறில் வீடு, தியாகராய நகரில் கடை. ஆவணியில் உஸ்மான் ரோட்டில் இரண்டாவது கடை திறக்கிறார். நேற்று இரவு மாடியில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தவர், ஆற்றங்கரையிலிருந்து வந்த பாட்டைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.

“முதலாளி அந்தப் பொண்ணையே கடை திறப்புக்குப் பாட வைக்கணும்னு சொல்லிட்டாரு. பேர் என்ன?”

“நீலவேணி.”

எழுதிக்கொண்டு போனார். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் வேறு எதுவும் சொல்லவில்லை. நோட்டீஸிலும் வந்துவிட்டது: ‘நீலவேணி இன்னிசை’. அவள் அந்த நோட்டீஸைச் சட்டம் போட்டு மாட்டினாள். பிறகு என்னைக் கேட்டாள்.

“என்னப் பத்தி அவருக்குத் தெரியுமா?”

“அவங்க கேக்கல, நான் சொல்லல.”

“சொல்லாதேன்னு நான் சொன்னனா? நீயா ஏன் முழுங்கின? என்னப் பாத்ததும் அந்தாளு தொரத்தினா, உன் குழாயையும் சேத்துத்தான் தொரத்துவாரு.”

“இப்ப போய் சொல்லட்டுமா?”

யோசித்தாள். “வேணாம். நேர்ல பாத்துக்கலாம். குரலக் கேட்டுத்தானே கூப்ட்டாரு.”

கடை திறப்பு அன்றைக்குக் காலை பத்து மணிக்கே உஸ்மான் ரோட்டில் நெரிசல். வாசலில் வாழை மரம், பந்தல், மேடை. நான் முன்னாலேயே போய்க் கட்டிவிட்டேன். நீலவேணி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். கத்தரிப்பூக் கலர்ப் பட்டு, தலை நிறைய மல்லிகை, கையில் மைக் பெட்டி.

புதுக் கடை திறந்தால் அவளைப் போன்றவர்கள் வந்து கை தட்டி வாழ்த்திவிட்டுப் போவது வழக்கம். ராசி என்று கடைக்காரர்களும் எதிர்பார்ப்பார்கள். அதற்காக வாசலில் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, காசு எல்லாம் தயாராக வைத்து, கணக்குப்பிள்ளை ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். அவர் நீலவேணியைப் பார்த்தார். மைக் பெட்டியைப் பார்க்கவில்லை. சட்டென்று தட்டை எடுத்து நீட்டிவிட்டார்.

“வாங்கம்மா, நல்லா வாழ்த்திட்டு சீக்கிரம் கிளம்புங்க. பாட்டுக் கச்சேரி ஆரம்பிக்கப் போவுது, பாட்டுக்காரம்மா வர்ற நேரம்.”

மெஹபூப் அலிக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் ஒயரைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெற்றிலையை முந்தானையில் முடிந்துகொண்டு தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். மூன்று தடவை பலமாகக் கை தட்டினாள்.

“கடை ஓஹோன்னு நடக்கட்டும்! வர்ற பொண்ணுங்க எல்லாம் கை நிறைய எடுத்துக்கினு போவட்டும்!” என்று வாழ்த்தினாள். பிறகு கணக்குப்பிள்ளையைப் பார்த்து, “வாழ்த்து முடிஞ்சது நைனா. இப்ப கொஞ்சம் நகரு. பாட்டுக்காரம்மா மேடைக்குப் போவணும்” என்றாள்.

கணக்குப்பிள்ளை தட்டோடு ஒதுங்கி வழி விட்டார். அவள் அவரைத் தாண்டி மேடை ஏறினாள். பெட்டியைத் திறந்து மைக்கை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினாள்.

அய்யாதுரை வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்னவே இது? நான் ஆத்தங்கரையில பாடுன புள்ளைய கூட்டிட்டு வரச் சொன்னேன். நீரு யாரைவே ஏத்தி விட்டிருக்கீரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தாள்.

“நான்தாங்கய்யா அது.”

“நீயா? அந்தக் கொரலா?”

மைக் இல்லாமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி முதல் இரண்டு வரியைப் பாடினாள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கண்ணை மூடுனா அதே புள்ளதான்,” என்றார் மெதுவாக. “தொறந்தாதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. கடைக்கு ஊரே வந்திருக்கேம்மா. என்ன பேசுவாங்களோ.”

“அப்ப மூடிக்கினே கேளுங்கய்யா. மூணாவது பாட்டுல நீங்களா தொறந்துடுவீங்க. தொறக்கலேன்னா நானே இறங்கிப் போயிடறேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாயாடி” என்று சொல்லிவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் பாட்டுக்குக் கூட்டம் ஒரு மாதிரி முணுமுணுத்தது. இரண்டாவது பாட்டில் அடங்கியது. மூன்றாவது பாட்டுக்கு அய்யாதுரை கண்ணைத் திறந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் ‘காத்து வருது’ ஆரம்பித்தாள். பாதிப் பாட்டில் எதிரே டீக்கடைப் பக்கமிருந்து ஒருவன் கத்தினான்.

“டேய் மச்சி! இது இன்ப நாதம் வைரவன்டா! ரெண்டு குரல்!”

இன்னொருவன் பிடித்துக்கொண்டான். “ஆமான்டா! கடைசி வரி! ஆம்பளைக் குரல்ல எடுத்து விடு தலீவா!”

“கடைசி வரி! கடைசி வரி!”

நூறு பேராவது இருக்கும். கை தட்டிக்கொண்டு கத்துகிறார்கள். போலீஸ்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார். அய்யாதுரை தொடையில் தாளம் நின்றுவிட்டது. மெஹபூப் அலி பாஞ்சோவை வாசித்துக்கொண்டே அவளைப் பார்க்கிறார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கடைசி வரி வரப் போகிறது. என் கை வால்யூம் திருகில் இருந்தது. அவள் ஆண் குரலில் பாடிவிட்டால் விசில் பறக்கும், வேலை சுலபமாக முடியும். ஆனால் ஒன்றரை வருஷம் இஸ்திரி போட்டது வீணாகும். பாடாவிட்டால் கல் வரும்.

அவள் மெஹபூப் அலிக்குக் கையைக் காட்டினாள். மெட்டு மட்டும் ஓடட்டும் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே மைக்கைப் பிடித்தாள்.

“இன்னா, ஆம்பளைக் குரல் வேணுமா?”

“ஆமா!” என்று பெரிய சத்தம்.

“எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? உஸ்மான் ரோடு பூரா ஆம்பளைங்களா நின்னுக்கினு கீறீங்க. ஒருத்தன் தொண்டையில கூடவா ஆம்பளைக் குரல் இல்ல?”

கூட்டத்தில் பெண்கள் சிரித்தார்கள். டீக்கடைக்காரன் பாய்லர் பின்னாலிருந்து “அப்படிப் போடு!” என்றான்.

“என் வரிய நான் பாடறேன். ‘காத்துன்னு சொல்லடி’ன்னு உங்க குரல நீங்க எடுத்து விடுங்க. பாக்கலாம், யாரு பெரிசுன்னு!” பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணாத்தே, ரெண்டாவது மைக்க ஜனத்தாண்ட திருப்பு!” என்றாள்.

மைக்கைக் குழாய்க்கு நேராகத் திருப்பினால் ஊளையிடும். இந்தத் தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம் அது. முன் குழாய்களின் சத்தத்தை ஒரு கையால் பாதியாகக் குறைத்துக்கொண்டு, மறு கையால் ஸ்டாண்டோடு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டேன்.

அவள் கடைசி வரியை எடுத்தாள். மேலே, அவள் குரலில். யாரு வந்து கேட்டாலும்... என்று இழுத்து, கையைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள்.

“காத்துன்னு சொல்லடி!” என்று நூறு ஆண் குரல் ஒரே மூச்சாக விழுந்தது. சுருதியாவது ஒன்றாவது! வைரவன் என்று கத்தினவன்தான் எல்லோரையும் விட உரக்கப் பாடினான்.

“போதாது! பொண்ணுங்க சிரிக்கறாங்க பாரு! இன்னொரு தபா!”

நாலு தடவை பாட வைத்தாள். நாலாவது தடவை அய்யாதுரையும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று “சொல்லடி” என்றார். அவருடைய சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியாக அவள் மட்டும் அந்தச் சுழியைச் சுழித்து, தன் குரலில் பாட்டை முடித்தாள். இந்தத் தடவை விசில் பறந்தது.

அதற்கப்புறம் ‘காத்து வருது’ பாடாமல் அவளை எந்த மேடையும் விட்டதில்லை. கடைசி வரிக்கு ஜனம் தயாராக வரும். ஆண்கள் பாடாவிட்டால் பெண்கள் கேலி செய்வார்கள். மயிலாப்பூரில் பூணூல் போட்ட பெரியவர்கள் கூட வெட்கத்தோடு பாடுவார்கள். கிண்டி தொழிற்பேட்டையில் மூன்று ஷிப்ட் ஆட்களும் சேர்ந்து பாடினால் கூரைத் தகடு அதிரும். மைக் பெட்டியில் பெயரை நான் வெளிப் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை கோணல் இல்லை. உள் பக்கத்துக் கோணல் எழுத்தையும் அவள் அழிக்கவிடவில்லை. ஆடியில் அம்மன் கோயிலில் பாடுகிற அன்றைக்கு முனியம்மாள் சொம்போடு மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள்.

1977-இல் ஒருநாள் ஒத்திகைக்குச் சண்முகசுந்தரம் வந்தார். நரைத்திருந்தார். இன்ப நாதத்துக்கு மாதம் ஒரு கச்சேரி வந்தால் பெரிது என்று ஆகிவிட்டது. வாசலில் நின்றுகொண்டு நோட்டீஸைப் படிக்கிற மாதிரி பாவனை செய்தார். நீலவேணிதான் முதலில் பேசினாள்.

“இன்னா சார், உள்ள வாங்க. டேப்ப மறந்துட்டு வந்துட்டீங்களா? கழுத்து காலியா கீது.”

“உன் குழுவுல ஹார்மோனியம் இல்லைன்னு கேள்விப்பட்டேன்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “...அம்மா” என்றார்.

“இல்ல சார். உங்கள மாதிரி வாசிக்க ஆள் கிடைக்கல. ஒரே ஒரு கண்டிசன்தான்.”

“தெரியும். கடைசி வரி உன்னோடது.”

அன்றிலிருந்து அவர் எங்களோடுதான் இருக்கிறார். நன்றாக வாசிக்கிறார். ஒரே ஒரு பழக்கம்தான் போகவில்லை. ‘காத்து வருது’ கடைசி வரி வந்தால் அவர் விரல்கள் தானாகக் கீழ் ஸ்தாயிக்கு இறங்கிவிடும். ஆறு வருஷப் பழக்கம் அல்லவா. நீலவேணி பாடிக்கொண்டே தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு கையை மேலே ஏற்றுவார். போன வாரம் அடையாறில் நடந்த கச்சேரியிலும் ஏற்றினார்.